சீர்க்குடத்துப் பன்னீர் ரோஜா

ஒரு ஊர்ல ஒரு குடம் இருந்துச்சாம். பித்தளைக் குடம். ராஜா எங்கன்னு கேக்காத, இந்தக் கதையில ராஜா கெடையாது, குடம்தான். காலை மடக்கிப் படு பவுனு. நான் நிறுத்துறப்ப எல்லாம் "ம்" சொல்லணும். "ம்" வரலைன்னா நீ தூங்கிட்டன்னு கதையை மூடிருவேன்.

ம்.

அந்தக் குடம் ஒச்சம்மான்னு ஒரு அம்மாவோடது. கழுத்துக்குக் கீழ புள்ளி புள்ளியா "ஒச்சம்மா"ன்னு பேர் வெட்டியிருக்கும். நம்ம தூக்குவாளியில பேரைத் தடவித் தடவிப் பாப்பியே, அதே மாதிரி. ஒச்சம்மாவுக்கு ஒரே மக, பேரு அன்னக்கொடி. மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்ல தவசின்னு ஒரு பையனுக்கு அவளைக் கட்டிக் குடுக்கப் பேசி முடிச்சாச்சு. சீர் குடுக்கணுமே! குடம் இருக்கு. ஆனா பொண்ணுக்குக் குடத்தை வெறுசாக் குடுத்தனுப்பக் கூடாது. நெல்லோ அரிசியோ தளும்பத் தளும்ப இருக்கணும். அந்த வருஷம் பாத்து மழையே இல்ல. நெல்லும் இல்ல, அரிசியும் இல்ல. ஒச்சம்மா வீட்டைச் சுத்திச் சுத்தி வந்தா. கொல்லையில பன்னீர் ரோஜாச் செடி ஒண்ணு மட்டும் நின்னுச்சு. அதோட வாசம் இருக்கே, பூவைப் பறிச்ச கையைக் கழுவவே மனசு வராது.

அப்புறம் அவ என்ன செஞ்சா தெரியுமா? கொல்லை மண்ணை அள்ளி அள்ளிக் குடத்துக்குள்ள போட்டா. பதியன் வச்ச ரோஜா ஒண்ணை வேரோட எடுத்து, குடத்துக் கழுத்து வழியா நட்டுட்டா!

குடத்துலயா?

ஆமாம், குடத்துலதான். கல்யாண வீட்டுல எல்லாரும் அப்படித்தான் கேட்டாங்க. மாப்பிள்ளையோட அம்மா வீராயி எட்டிப் பாத்தா. பாத்தவ நெஞ்சுல கையை வச்சுட்டா. "ஐயய்யோ! சீர்க்குடத்துல மண்ணா? மண்ணை அள்ளிப் போட்டு அனுப்பிருக்காளே!" அவ போட்ட சத்தத்துல மேளக்காரன் கை அப்படியே நின்னுபோச்சு. "டும்"னு ஒரு அடி விழுந்துச்சு. அடுத்த "டும்" வரவே இல்ல.

ஒச்சம்மா மெதுவாச் சொன்னா, "மண்ணைப் பாக்காதீங்க சம்மந்தி. மண்ணுல நிக்கிறதைப் பாருங்க. என்கிட்ட உசுரா இருந்தது இது ரெண்டுதான். மகளும் இந்தச் செடியும். ரெண்டையும் உங்க வீட்டுக்கே தர்றேன்."

வீராயி தள்ளி நின்னு குடத்துக்கு வழி விட்டா. வழி விட்டான்னா சரின்னு அர்த்தம். மேளக்காரனும் டும் டும் டும்னு ஆரம்பிச்சுட்டான்.

ம்.

பஸ் ஏறுறப்ப ஒச்சம்மா மகளைக் கட்டிப்பிடிச்சுச் சொன்னா, "வெள்ளிக்கிழமைக்கு ஒரு பூ, மினிபஸ் கண்டக்டர்கிட்ட குடுத்து விடுடி. பூ வந்தா மக நல்லாருக்கான்னு நான் நிம்மதியாச் சோறு திம்பேன். பூ வரலைன்னா..." முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா.

போன் பண்ணலாம்ல?

நடுவுல மலை நிக்குதே, டவர் எடுக்காது. குறுக்கப் பேசாமக் கேளு.

அன்னக்கொடி தினம் ஒரு கை தண்ணி தெளிப்பா. ஒரே ஒரு கைதான். செடி ஜம்முன்னு வளந்துச்சு. வெள்ளிக்கிழமை ஆனா ஒரு பூ பூக்கும். மினிபஸ் "பீப்பீ"ன்னு வரும். கண்டக்டர் சொக்கன் அந்தப் பூவை டிக்கெட் பையில பத்திரமா வச்சு எடுத்துட்டுப் போவான். பஸ்ஸே மணக்குமாம். அந்தப் பக்கம் ஒச்சம்மா பூவை மூக்குல வச்சு ஒரு இழுப்பு இழுப்பா. "என் மக நல்லாருக்கா"ன்னு அப்புறம்தான் உலை வைப்பா.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, அந்த வாசத்துல வீராயியும் மயங்கிட்டா. மண்ணுன்னு திட்டினவதான், இப்பக் காலையில எந்திரிச்சதும் குடத்துக்கிட்டத்தான் போவா. "ஏன் ராசாத்தி, தாகமா?"ன்னு ஒரு சொம்பு ஊத்துவா. "களக் களக்." தவசி வயல்லேருந்து வந்து கால் கழுவுன மிச்சத்தை ஊத்துவான். "சளக்." அரிசி களைஞ்ச தண்ணி, பருப்பு கழுவுன தண்ணி எல்லாம் அதுக்குத்தான். வீட்டுக்கு வர்ற ஆளு தண்ணி குடிச்சா, சொம்புல மிச்சமும் அதுக்குத்தான்!

கொஞ்ச நாள் போச்சு. ஒரு நாள் காலையில பாத்தா, ஐயோ, இலையெல்லாம் மஞ்சள்! தொட்டா "பொல பொல"ன்னு கொட்டுது. மொட்டு விரியாமலே தலையைத் தொங்கப் போட்டுருச்சு.

ம்... ஏம்மா?

அது யாருக்குமே தெரியலையே! வீராயி சொன்னா, "வெயிலுக்கு வாடிப் போச்சு. தண்ணி பத்தல." சொம்புக்குப் பதிலா பானையையே தூக்கிட்டு வந்து ஊத்தினா. "கடகடகட." மறுநாள் மிச்சம் இருந்த இலையும் விழுந்துச்சு.

அப்போ சொக்கன் வீராயிகிட்டச் சொன்னான், "கண்ணுபட்டுப் போச்சு அக்கா. வர்ற பூவையெல்லாம் பஸ்ஸே பாத்துச்சுல்ல! என் பஸ்ஸுக்குக் கட்டுற மாதிரி எலுமிச்சம்பழமும் பச்சமிளகாயும் கட்டுங்க." கட்டினாங்க. உப்பும் வரமிளகாயும் சுத்தி அடுப்புல போட்டாங்க. "பட பட பட"ன்னு வெடிச்சு வீடு முழுக்க ஒரே இருமல், தும்மல். செடி இருமவும் இல்ல, தும்மவும் இல்ல. தண்டு கீழேருந்து கறுத்துக்கிட்டே வந்துச்சு.

அப்புறம் தவசி வந்தான். "சத்து இல்ல. இதுக்குக் கவுச்சி குடுக்கணும்"னு மீன் கழுவுன தண்ணியை ஒரு வாளி கொண்டாந்து ஊத்திட்டான். அவ்ளோதான்! தெருவுல இருக்கற பூனையெல்லாம் வாசல்ல வந்து உக்காந்துக்கிச்சு. "மியாவ். மியாவ்." குடத்துலேருந்து ஒரு நாத்தம் கெளம்புச்சு பாரு...

பாப்பாவோட ஜட்டி மாதிரியா?

ச்சீ! அதை விட. சிரிக்காத, தூக்கம் ஓடிரும்.

இதுக்குள்ள வெள்ளிக்கிழமை வந்துருச்சு. மினிபஸ் "பீப்பீ"ங்குது. செடியில பூ இல்ல, மொட்டு இல்ல, இலைகூட இல்ல. அன்னக்கொடி குடத்தையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பாத்தா. பூ போகலைன்னா ஆத்தா சோறு திங்க மாட்டாளே! ஓட்டமா ஓடினா. பஸ் ஸ்டாப்புல பூக்காரம்மாகிட்ட ஒரு ரோஜா வாங்கிச் சொக்கன் கையில குடுத்துட்டா. பெரிய ரோஜா, செக்கச் செவேல்னு. "ஆத்தாகிட்ட ஒண்ணும் சொல்லாதண்ணே."

அது பொய்தானே?

பொய்தான். ஆத்தா பயந்துருவாளேன்னு சொன்ன பொய்.

திரும்பி வந்தவ, வெள்ளிக்கிழமை ஆச்சேன்னு வீடு கழுவ ஆரம்பிச்சா. சட்டி பானையை ஒண்ணொண்ணா நகத்தி நகத்தித் துடைச்சா. குடிதண்ணிப் பானையைத் தூக்கினா, அடியில வட்டமா ஈரம். துளசித் தொட்டியைத் தூக்கினா, அடியில வட்டமா ஈரம். ரோஜாக் குடத்தைத் தூக்கப் பாத்தா. அம்மாடியோவ், தூக்கவே முடியல! ரெண்டு கையாலயும் முட்டுக் குடுத்துச் சாச்சா. அடியைப் பாத்தா.

பாத்தவ அப்படியே ஆடிப்போயிட்டா.

என்ன இருந்துச்சு?

ஒண்ணுமே இல்ல. காஞ்ச தரை. தூசி. எறும்பு பொடி மண்ணைக் குவிச்சுக் குடித்தனம் நடத்திட்டு இருக்கு. ஒரு சொட்டு ஈரம் இல்ல! நீயே சொல்லு, வீராயி ஊத்துனா, தவசி ஊத்துனான், வந்தவங்க போனவங்க எல்லாம் ஊத்துனாங்க. அத்தனை தண்ணியும் எங்க போச்சு?

...உள்ளயே இருக்கா?

ஆங்! என் தங்கம். அவளும் குடத்துல காதை வச்சு ஆட்டிப் பாத்தா. "கொளக்... கொளக்..." உள்ள இருந்து சத்தம் வருது. செடி கழுத்தளவு தண்ணியில நின்னுக்கிட்டு இருக்கு. வேர் மூச்சு விட முடியாமத் திணறுது. தாகம்னு நினைச்சு எல்லாருமாச் சேந்து அதை முக்கிக்கிட்டு இருந்திருக்காங்க!

"அத்தை! அத்தை! இதுக்கு அடியில ஓட்டை போடணும்!"னு கத்தினா.

வீராயி கோயிலுக்குக் கெளம்பித் தட்டோட நின்னா. கேட்டதும் அவளுக்கு முகமே வெளுத்துப் போச்சு. "அடிப் பாவி! என்ன வார்த்தை சொன்ன? குடத்துல ஓட்டையா? எங்கடி போடுவாங்க குடத்துல ஓட்டை?"

எங்கம்மா போடுவாங்க?

சொல்றேன், பயப்படாத. செத்துப்போனவங்களைத் தூக்கிட்டுப் போறப்ப, சுடுகாட்டுல, ஒரு மண்குடத்துல தண்ணி நிரப்பி ஓட்டை போடுவாங்க. தண்ணி சுர்ருன்னு ஊத்த ஊத்தச் சுத்தி வருவாங்க. அதனால உசுரோட இருக்கற வீட்டுல குடத்துல ஓட்டை போட மாட்டாங்க. நினைக்கவே மாட்டாங்க.

"அதுவும் யார் பேர் வெட்டுன குடம்? உன் ஆத்தா பேரு! அவ குத்துக்கல்லாட்டம் இருக்கறப்பவே அவ பேருல ஓட்டை போடுவியா? செடியை வேணா எடுத்து வேற இடத்துல வை."

"எப்படி அத்தை எடுக்கிறது? குடத்துக்கு வாயி இத்துனூண்டு, வயிறு இவ்ளோ பெருசு. இழுத்தா வேரெல்லாம் அறுந்துரும்."

"அப்பச் சாகட்டும். செடிதானே!" வீராயி விடுவிடுன்னு கோயிலுக்குப் போயிட்டா.

ம்.

அன்னக்கொடி குடத்துக்கிட்ட உக்காந்தா. தண்டெல்லாம் கறுப்பு. உச்சியில ஒரு இடத்துல மட்டும், உன் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பச்சை இருந்துச்சு. அது இன்னைக்கோ நாளைக்கோ போயிரும். அவ அம்மா பேரைத் தடவிப் பாத்தா. "ஆத்தா, பேரை நீ குடத்துக்கு வெளியதான் வெட்டின. உசுரை உள்ளதானே வச்சு அனுப்புன"ன்னு சொன்னா. சொல்லிட்டு எந்திரிச்சுப் போயி ஒரு ஆணியும் அம்மிக் குழவியும் எடுத்துட்டு வந்தா.

ஐயோ!

குடத்தைச் சாச்சுப் படுக்கப் போட்டா. அடிப்பக்கமா ஆணியை வச்சு, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு ஒரு போடு. "டங்!" ஒண்ணும் ஆகல, ஒரு பள்ளம் விழுந்துச்சு. இன்னொரு போடு. "ணங்!" ஆணி வளைஞ்சு போச்சு. ஆணியை நிமித்தி, பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரே போடு. "பொத்!"

"சுர்ர்ர்ர்ர்..."

மை மாதிரி தண்ணி. நாத்தம்னா நாத்தம். பீச்சி அடிக்குது!

சரியா அந்த நேரம் வாசல்ல யாரு வந்து நிக்கிறா தெரியுமா?

யாரு? யாரு?

ஒச்சம்மா!

அந்தப் பக்கத்து ஊர்ல சொக்கன் பூவைக் குடுத்தானா, அவ மூக்குல வச்சு இழுத்தாளா... வாசமே இல்ல! கடைப்பூவுக்கு ஏது வாசம்? இன்னொரு இழுப்பு இழுத்தா. இல்ல! "ஐயோ, இது என் மக வீட்டுப் பூ இல்லையே! என் மகளுக்கு என்னமோ ஆயிருச்சு, மறைக்கிறாங்களே!"ன்னு உலைகூட வைக்காம, அதே பஸ்ல திரும்புறப்ப ஏறி வந்துட்டா. வாசல்ல கால் வச்சா. மகளைக் காணோம், அவ குடத்துக்கு அந்தப் பக்கமாக் குனிஞ்சு உக்காந்திருக்கா. ஒச்சம்மா கண்ணுக்குத் தெரிஞ்சதெல்லாம் குடம். மகளுக்குக் குடுத்த குடம். அதுல ஓட்டை. ஓட்டையில தண்ணி.

"என் மகளே...!"

"தொப்!"னு விழுந்துட்டா.

செத்துப் போயிட்டாங்களாம்மா?

இரு, எந்திரிச்சு உக்காராத. படு. அன்னக்கொடியும் அப்படித்தான் நினைச்சா. ஆத்தா பேர் வெட்டுன குடத்துல ஓட்டை போட்டேன், ஆத்தா விழுந்துட்டாளேன்னு அவ அலறிட்டா. உடனே கட்டைவிரலால ஓட்டையை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டா! தண்ணியை நிறுத்தினா ஆத்தா உசுரும் நிக்கும்னு அவளுக்கு ஒரு நினைப்பு. விரலை எடுத்தா ஆத்தாவுக்கு ஆகாது. எடுக்கலைன்னா செடிக்கு ஆகாது. ஆத்தாகிட்ட ஓடவும் முடியல. அங்கேயே உக்காந்து, "ஆத்தா, ஆத்தா"ன்னு அழுகுறா.

அப்போ வீராயி கோயில்லேருந்து வந்தா. பாத்தா. துன்னூறுத் தட்டு கையை விட்டுப் போயிருச்சு. "டமார்... லொட லொட லொட." "சொன்னேனே! சொன்னேனே! ஓட்டை போட்ட கையோட என் சம்மந்தி போயிட்டாளே! ஏ தவசி, ஓடிவாடா!"

அன்னக்கொடிக்கு அதுக்கு மேல பொறுக்கல. விரலை விட்டுட்டா. ஓடிப்போயி ஆத்தா தலையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டா. குடத்துத் தண்ணி அது பாட்டுக்கு "சுர்ர்ர்"னு வந்துச்சு. துடைச்ச தரையில மெதுவா, மெதுவா, நெளிஞ்சு நெளிஞ்சு ஓடி வந்துச்சு. ஒச்சம்மாவோட சேலையைத் தொட்டுச்சு. தோளை நனைச்சுச்சு. கன்னத்துக்கிட்ட வந்துச்சு.

அப்போ ஒச்சம்மாவோட மூக்கு மட்டும் லேசா ஆடுச்சு.

"ம்ஹூம்... ம்ஹூம்..."

அப்புறம் மூக்கு சுருங்குச்சு. அப்புறம் முகமே சுருங்குச்சு. "அய்ய! த்தூ! எவடி அவ, நடுவீட்டுல மீன் கழுவுறது?"ன்னு எந்திரிச்சு உக்காந்துட்டா!

சிரிச்சுட்டியா? அங்கேயும் அப்படித்தான். அன்னக்கொடி அழுதுக்கிட்டே சிரிக்கிறா. தவசி பூனையை விரட்டுறான். வீராயி மட்டும் சுவத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கிறா. "ஆவியா, ஆளா?" "ஆளுதான் சம்மந்தி, நாத்தம் தெரியுதே!"

ஒச்சம்மா மகளைத் தலையிலேருந்து கால் வரைக்கும் தடவிப் பாத்தா. காதைப் பிடிச்சுத் திருகி, "வாசமில்லாத பூவை அனுப்பி என் உசுரை எடுத்தியேடி! பூ இல்லைன்னா ஒரு முள்ளைக் குடுத்து விட்டிருக்கலாம்ல? செடி சீக்குன்னு நானா வந்திருப்பேனே"ன்னா. அப்புறம் குடத்துக்கிட்ட போனா. குனிஞ்சு ஓட்டையைப் பாத்தா. பக்கத்துல அவ பேரு.

விரலால அதை ஒரு தரம் தடவிப் பாத்தா.

"என் மேலதான் தப்பு. நெல்லு ரொப்புற குடத்துல மண்ணை ரொப்புனா, தண்ணி போக வழி வேணாமா? அப்பவே நான் போட்டிருக்கணும்"ன்னா ஒச்சம்மா.

"ஆனா, வீட்டுல ஓட்டைக் குடம் ஆகாதே சம்மந்தி"ன்னு வீராயி இழுத்தா.

"இதுல தண்ணி நிக்குதா?"

"நிக்கல."

"தண்ணி நிக்காதது எப்படிக் குடம்? இது இனிமே பூந்தொட்டி. பூந்தொட்டியில ஓட்டை இருந்தா யாருக்கு என்ன ஆகும்?"

வீராயி யோசிச்சா. ஓட்டையைப் பாத்தா, சம்மந்தியைப் பாத்தா. அப்புறம் அவளே போயி ரெண்டு செங்கல்லை எடுத்துட்டு வந்து போட்டா. "தொட்டின்னா அடியில காத்துப் போகணும். இது மேல தூக்கி வைங்க."

ம்...

அப்புறம் ஒச்சம்மா அருவாமணையை வாங்கி, கறுத்த தண்டையெல்லாம் "நறுக் நறுக்"னு வெட்டினா. வீராயி "ஐயோ, ஐயோ"ன்னு கண்ணைப் பொத்திக்கிட்டா. கடைசியில ஒரு சாண் குச்சிதான் மிச்சம். நெழல்ல வச்சாங்க. ஒரு கை தண்ணிக்கு மேல யாரும் ஊத்தக் கூடாதுன்னு சொல்லிட்டு ஒச்சம்மா ஊருக்குப் போயிட்டா.

நாள் போச்சு. குச்சி குச்சியாவே நின்னுச்சு. ஒரு காலையில வீராயி போட்டாளே ஒரு சத்தம்! "ஐயய்யோ, செவப்பா ஒரு புழு! செடியில புழு!" விரலால சுண்டப் போயிட்டா. அன்னக்கொடி பாஞ்சு வந்து கையைப் பிடிச்சா. "அத்தை, அத்தை, சுண்டிராதீங்க! அது புழு இல்ல. துளிர்!"

ரோஜாத் துளிர் முதல்ல செவப்பாத்தான் இருக்கும். வீராயி அந்த விரலாலயே தன் கன்னத்துல போட்டுக்கிட்டா.

...ம்.

அப்புறம் இலை வந்துச்சு. அப்புறம் மொட்டு. வெள்ளிக்கிழமை பூத்துச்சு. மினிபஸ் "பீப்பீ"ன்னு வந்துச்சு. சொக்கன் கையை நீட்டுறான். ஆனா வீராயி பூவைக் குடுக்கல. முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, "தள்ளுடா"ன்னு அவளே பஸ்ல ஏறி உக்காந்துட்டா.

அந்தப் பக்கம் ஒச்சம்மா பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு நிக்கிறா. பஸ் வந்துச்சு. பூ இறங்கல. சம்மந்தி இறங்குறா! நேர்லயே வந்துட்டாளா! ஒச்சம்மா, "ஐயோ, என் மகளுக்கு..."ன்னு ரோட்டுலயே உக்காரப் போயிட்டா. வீராயி முந்தானையை அவுத்து, பூவைக் கொண்டுபோயி அவ மூக்குக்கிட்ட வச்சா.

"இழுத்துப் பாரு."

ஒச்சம்மா கண்ணை மூடிக்கிட்டு மெதுவா இழுத்தா. எங்க, நீயும் இழு, மூக்கு வழியா. ம்... வாசம் வருதா? அப்படியே விடு. இன்னொரு தரம். இழு... விடு...

ஒச்சம்மா கண்ணைத் திறக்கவே இல்ல. "என் மக நல்லாருக்கா"ன்னா. வீராயியும் பக்கத்துல உக்காந்துக்கிட்டா. அந்தப் பக்கம் அன்னக்கொடி ஒரு கை தண்ணி ஊத்தினா. தொட்டிக்கு அடியில, "சொட்டு..." "சொட்டு..." "சொட்டு..."

பவுனு?

"ம்" வரல.

குடம் வடிஞ்சுது, கதையும் வடிஞ்சுது. தூங்குடா தங்கம்.